கதவோரம் எதை வைப்பது

பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் சிப்பிங் பிரிவில் 27 ஆண்டுகளாக வேலை பார்க்கும் எனக்கு, கண்டெய்னரில் பெட்டி அடுக்குவதைப் பற்றி இனி யாரும் சொல்லித் தர ஒன்றுமில்லை என்ற நினைப்பு கொஞ்சம் இருந்தது. சென்ற மாதம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூச்சாட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டுப் போனார். வயதில் என்னைவிட 20 ஆண்டுகள் இளையவர்தான்; ஆனாலும் அக்கா மகனை "வாங்க மாப்பிள்ளை" என்று அழைத்தே பழகிய ஊர்க்காரன் என்பதால், எழுத்திலும் அந்த மரியாதை தானாக வந்துவிடுகிறது.

பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா போனவர் அவர். இப்போது வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் கணினி வேலை. அதோடு அந்நாட்டுக் கடற்படையின் ரிசர்வ் பிரிவிலும் சேர்ந்திருக்கிறார். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறும் ஆண்டில் சுமார் இரண்டு வாரமும் சீருடை அணிய வேண்டும். மற்ற நாட்களில் நம்மைப் போல வேலைக்குப் போய்வரலாம். துப்பாக்கியோடு போர்க்கப்பலில் நிற்பவர் என்றுதான் உறவினர்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சரக்குக் கையாளும் பட்டாலியன் ஒன்றில் இருப்பதாகவும், கப்பலிலிருந்து சரக்கை இறக்குவதும் ஏற்றுவதுமே தன் வேலை என்றும் அவர் சொன்னபோது, தொட்டிக்கட்டு வீட்டின் ஆசாரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு முகம் சற்று வாடியதைப் பார்த்தேன். எனக்கு மட்டும் ஆர்வம் கூடியது. மறுநாள் எங்கள் நிறுவனத்தில் நாற்பதடி ஹை கியூப், அதாவது உயரம் கூடிய கண்டெய்னர் ஒன்று நிரப்ப வேண்டியிருந்ததால், கூட வருகிறீர்களா என்று அழைத்துப் போனேன்.

ஹை கியூபின் உள்ளளவு சுமார் 76 கனமீட்டர். பெட்டிகளின் அளவு ஒத்துவந்தால் அதில் 68 வரை அடைத்துவிடுவோம். வாங்குபவர் கொடுக்கும் வாடகை முழுக் கண்டெய்னருக்கானது என்பதால், காலியாக விடும் ஒவ்வொரு கனமீட்டரும் வீண் காசு. எங்கள் லோடிங் ஆட்கள் கடைசி வரிசையை முழங்காலால் நெட்டித் தள்ளிக் கதவைச் சாத்துவதில் கைதேர்ந்தவர்கள். மாப்பிள்ளை அதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஒரு இஞ்ச் கூட உடமாட்டீங்களாட்ட இருக்குதுங்க மாமா. எங்களுக்கு இப்படி அடுக்குனா திட்டு உழுகும்" என்றார்.

ராணுவச் சரக்கை ஏற்றுவதில் இரண்டு முறைகள் இருப்பதாக அவர் விளக்கினார். ஒன்று, எங்களைப் போல இடத்தை மிச்சம் பிடிப்பது: நட்புத் துறைமுகத்தில், ஆற அமர இறக்கக்கூடிய சரக்குக்கு அதுவே போதும். மற்றது, போர்க்கள ஏற்றுமுறை. கரையில் முதல் மணி நேரத்தில் தேவைப்படுவது கடைசியில் ஏற்றப்பட்டுக் கதவோரம் இருக்க வேண்டும். பீரங்கியும் அதன் குண்டும் அதை இழுக்கும் வண்டியும் ஒரே கப்பலில், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்படி இருக்க வேண்டும். அதற்காகக் கப்பலில் நிறைய இடம் காலியாகப் போனாலும் பரவாயில்லை. ஏற்றும்போதே இறக்குவதைத் தலைகீழாக மனத்தில் ஓட்டிப் பார்க்கிற பழக்கத்தைத்தான் அவர்களுக்கு வகுப்பறையில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். எனக்கு இது புதிதாக இருந்தது. எங்கள் தொழிலில் இறக்குவது வேறொருவருடைய தலைவலி. ஹாம்பர்க்கிலோ பெலிக்ஸ்டோவிலோ யாரோ முகம் தெரியாதவர் பார்த்துக்கொள்வார்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் சொன்ன எடுத்துக்காட்டுகளைப் பிறகு நானும் தேடிப் படித்தேன். 1982-ல் அர்ஜென்டினா கைப்பற்றிய ஃபாக்லாந்துத் தீவுகளை மீட்கப் பிரிட்டன் அவசர அவசரமாகக் கப்பல்களை அனுப்பியபோது, சரக்குகள் கைக்குக் கிடைத்த வரிசையில் ஏற்றப்பட்டன. பாதி வழியில் அசென்ஷன் தீவில் நிறுத்தி, எதை எங்கே வைத்தோம் என்று தேடி, கப்பலுக்குக் கப்பல் மாற்றி அடுக்கிய பிறகுதான் மே 21 அன்று சான் கார்லோஸில் தரையிறங்க முடிந்தது. அதற்கு நான்கு நாள் கழித்து அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பல் ஏவுகணைக்கு இரையானபோது, அதிலிருந்த சினூக் ஹெலிகாப்டர்களில் ஒன்று தவிர மற்ற மூன்றும் கூடாரங்களும் சேர்ந்து அழிந்தன. அதன் விளைவாக வீரர்கள் பலர் சுமையைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தத் தீவைக் குறுக்காக நடந்தே கடந்தார்கள். முதல் உலகப் போரில், 1915-ல் துருக்கியின் கலிப்போலியில் தரையிறங்கப் போனபோதும் இதே கதைதான்: கப்பல்கள் தாறுமாறாக ஏற்றப்பட்டிருந்ததால், போர்முனைக்கு அருகில் வந்த பின்பு அலெக்சாந்திரியாவுக்குத் திரும்பிப் போய் மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. எதிரிக்கு அது எவ்வளவு வசதியான அவகாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி எப்படி நடக்கும் என்று கேட்டபோது அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வில்லியம்ஸ்பர்க் நகருக்கு அருகே சீத்தம் அனெக்ஸ் என்ற கடற்படை வளாகத்தில், எங்கும் போகாத ஒரு பயிற்சிக் கப்பல் இருக்கிறது. அதன் பெயரே 'நெவர் செயில்', அதாவது ஒருபோதும் பயணிக்காதது. கிரேன், சரக்கறை வாய், இரும்பு மூடி எல்லாம் உண்மையானவை. ஊர் விட்டு ஊர் போவது மட்டும் கிடையாது. கடலே இல்லாத கொங்கு மண்ணில் பிறந்தவர் ஓடாத கப்பலில் கப்பல் வேலை பழகியதைக் கேட்டு ஆசாரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்களின் முகவாட்டமும் அத்தோடு போயிற்று.

மாதாந்திரச் சனி, ஞாயிறுகளில் பெரும்பகுதி வகுப்புக்கும் உடற்சோதனைக்கும் காகித வேலைக்கும் சரியாகிவிடும். கை பழகுவதெல்லாம் இரண்டு வாரப் பயிற்சியில்தான். கிரேன் ஓட்டுபவருக்குக் கப்பலின் அடியறையில் இருக்கும் சுமை பெரும்பாலும் தெரியாது. சரக்கறை வாயின் ஓரத்தில் நிற்கும் சைகைக்காரரின் கைதான் அவருடைய கண். முன்கையை நிமிர்த்தி ஆள்காட்டி விரலை மேலே காட்டிச் சிறு வட்டமிட்டால் ஏற்று. கையைத் தாழ்த்தி விரலைக் கீழே காட்டி வட்டமிட்டால் இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கை தரையைப் பார்க்க முன்னும் பின்னும் அசைத்தால் நிறுத்து. ஒரு கிரேனுக்கு ஒரே சைகைக்காரர். அதிகாரியே வந்து கையசைத்தாலும் கிரேன்காரர் கண்டுகொள்ளக் கூடாது. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: நிறுத்து என்னும் சைகையை யார் காட்டினாலும், நேற்றுச் சேர்ந்த பையன் காட்டினாலும், அந்த நொடியே சுமை நின்றாக வேண்டும். ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி பிறகுதான் வரும்.

அவர் இதைச் சொல்லிவிட்டு எங்கள் லோடிங் தளத்தில் நின்றபடியே செய்தும் காட்டினார். சுமை தொங்கும்போது அது காற்றில் சுழலாமல் இருக்கக் கட்டும் வால்கயிற்றை எப்படிப் பிடிக்க வேண்டும், கயிற்றைக் கையில் ஏன் சுற்றிக்கொள்ளக் கூடாது, சுமைக்கும் சுவருக்கும் நடுவில் ஏன் ஒருபோதும் நிற்கக் கூடாது என்று ஒரு பழைய துணிக்கயிற்றை வைத்து விளக்கினார். எங்கள் ஆட்களில் மூத்தவர், வட மாவட்டத்திலிருந்து வந்து இருபது வருடமாக எங்களிடம் இருப்பவர், கயிற்றை வாங்கித் தன் விரல்களில் சுற்றிப் பார்த்துவிட்டு, "நெசந்தாங்க, இழுத்தா வெரலோட போயிரும்" என்று ஒப்புக்கொண்டார்.

துறைமுகம் இருக்கும் இடத்தில் இந்த வேலை இவ்வளவே. துறைமுகமே இல்லாத கரையில் இறக்குவதுதான் பெரிய பாடம். கப்பல் ஆழமான நீரில் நிற்கும். சரக்கை மிதவைகளில் இறக்கி, அவற்றைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மணலில் புதையாமல் வண்டிகளில் ஏற்ற வேண்டும். மிதவைப் பாலத் துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டிக் கடலுக்குள் ஒரு தற்காலிகப் பாதையே போட்டுவிடுவார்கள். பிரிட்டனில் பிளிமத்தைத் தலைமையிடமாகக் கொண்ட 165-ஆவது துறைமுக ரெஜிமெண்ட் முழுக்க ரிசர்வ் ஆட்களால் ஆனது. மெக்ஸிஃப்ளோட் எனப்படும் மிதவைத் தட்டுகளில் அவர்களும் இதையேதான் பழகுகிறார்கள்.

கேட்பதற்கு எளிதாக இருந்தாலும் அலை இதற்குப் பெரிய பகை. அலை ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டாலே மிதவைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது ஆபத்து. 2024-ல் காசா கரையில் அமெரிக்க ராணுவம் போட்ட மிதவைத் துறையை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள்: மே 16 அன்று கரையோடு இணைத்தார்கள், பத்து நாளுக்குள் கடல் கொந்தளித்து உடைத்தது, அஷ்தோத் துறைமுகத்துக்கு இழுத்துப்போய்ச் சரிசெய்து ஜூனில் மறுபடி பொருத்தினார்கள், ஜூலையில் மூட்டை கட்டிவிட்டார்கள். சுமார் 23 கோடி டாலர் செலவு என மதிப்பிடப்பட்ட அந்தத் துறை வேலை செய்தது ஏறத்தாழ 20 நாட்களே. 1944-ல் நார்மண்டியில் நேச நாடுகள் கொண்டுபோய் நிறுத்திய இரண்டு செயற்கைத் துறைமுகங்களில் அமெரிக்கர்களுடையது ஜூன் 19-இல் தொடங்கிய புயலில் சின்னாபின்னமானது. ஆனால் அதன் பிறகு அதே கரையில் மணல்மேலேயே நேரடியாக இறக்கிய சரக்கின் அளவு, திட்டமிட்டவர்களே எதிர்பாராத அளவுக்கு உயர்ந்தது என்பதை மாப்பிள்ளை அழுத்திச் சொன்னார். கருவி போன பின்பும், இறக்கப் பழகிய ஆட்கள் அங்கே இருந்தார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின் கடைசி நாட்களில், காக்ஸ் பஜார் கரையில் படை இறக்கப் போன நம் கப்பல் கரைக்கு முன்பே மணல்திட்டில் தட்டி நின்றது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே நீர் ஆழமாக இருந்ததை அறியாமல் இறங்கிய வீரர்களில் சிலர் மூழ்கி இறந்தார்கள். கரையை முன்கூட்டியே அளந்து பார்ப்பதற்கென்று தனி ஆட்களை ஏன் பழக்குகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கப்பலைத் தள்ளி நிறுத்திப் படகில் சரக்கை இறக்குவது தமிழ்க் கரைக்குப் புதிதன்று. முசிறியில் கலங்கள் கொண்டுவந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்த்ததாகச் சங்கப் பாடல் சொல்கிறது. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் அந்தப் பொன் கொங்கு நாட்டுக்குள் வந்திருக்க வேண்டும். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், ஆணியே அடிக்காமல் தென்னை நார்க்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகள்தாம் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவந்தன. அலை மோதும்போது வளைந்து கொடுக்கும் என்பதே அந்தத் தையலின் சூட்சுமம். இன்று எங்கள் கண்டெய்னர்கள் ஓரிரவில் போய்ச் சேரும் தூத்துக்குடியிலும், 1974-ல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாவதற்கு முந்திய காலம் முழுவதும், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள்தாம் கரைக்கும் கப்பலுக்கும் ஓடின.

பெட்டிமேல் என்ன எழுதியிருக்கிறது என்பதும் இந்தப் பயிற்சியில் பெரிய பாடம். 1991 வளைகுடாப் போருக்கு அமெரிக்கா சுமார் 40,000 கண்டெய்னர்களை அனுப்பியது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால், பாலைவனத்தில் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. இதைக் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு மூன்றாம் நாள் நானே அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன்.

சுனாமிச் செய்தி வந்ததும் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் சேர்த்து ஒரு லாரி நிறையப் பொருள் திரட்டினோம். அரிசி மூட்டை, தார்பாய், மெழுகுவத்தி, பிளீச்சிங் பவுடர், அதோடு திருப்பூர் என்றால் கேட்கவா வேண்டும், ஏற்றுமதியாகாமல் தேங்கிய ஸ்டாக் லாட் பனியனும் இரவு உடையும் மலைபோல. பொறுப்பாக அடுக்கியது நான். கனமானது அடியிலும் முன்புறத்திலும், இலேசானது மேலேயும் கதவோரமும் என்று தொழில் கற்றுத்தந்தபடி ஓர் அங்குலம் விடாமல் அடைத்தேன். காங்கயம், வெள்ளகோயில், கரூர், திருச்சி, தஞ்சாவூர் என்று இரவெல்லாம் ஓடி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது, ஊருக்கு வெளியிலேயே சாலையோரம் பழந்துணி குவிந்து கிடந்ததைப் பார்த்தோம். 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடலுக்குப் பறிகொடுத்த மாவட்டத்தில், யாரும் எடுக்காத சேலைகள் சேற்றில் மிதிபட்டுக் கிடந்தன.

நிவாரணப் பொருள் வாங்கிக்கொண்டிருந்த மண்டபத்தில் பொறுப்பில் நின்ற பெண்மணி கேட்டது இரண்டே கேள்விகள். தார்பாய் இருக்கிறதா? எத்தனை? முதல் கேள்விக்கு இருக்கிறது என்றேன். இரண்டாவதற்குப் பதில் இல்லை. நாள் தவறாமல் பேக்கிங் லிஸ்ட் தட்டச்சு செய்கிறவன், அன்றைக்கு ஒரு துண்டுத்தாளில்கூடக் கணக்கெழுதிக் கொண்டு போகவில்லை. தார்பாய் அடியில், கேபினுக்குப் பின்னால் இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் துணிமூட்டை முழுவதையும் தெருவில் இறக்க வேண்டும், இறக்கினோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தார்பாய் வெளியே வர இரண்டரை மணி நேரம் ஆனது. இறக்கிய துணியில் பாதி, வழியில் பார்த்த அந்தக் குவியலைப் போலவே ஆயிற்று. அந்தப் பெண்மணி எதுவும் சொல்லவில்லை. அடுத்த லாரிக்காரரிடம் அதே இரண்டு கேள்விகளைக் கேட்கப் போய்விட்டார்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னபோது, கரையில் இறங்கும் ஒவ்வொரு படைக்கும் அந்தப் பெண்மணியைப் போல ஒருவர் உண்டு என்றார். எந்தப் படகு எப்போது வரலாம், எது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். பெரிய பதவியில் இருப்பவரும் தண்ணீர் ஓரத்தில் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும். நாகப்பட்டினத்தில் அப்படி ஒருவர் இருந்தும், எங்களைப் போலக் கேட்காமல் வந்த லாரிகள்தாம் மிகுதி.

வாரக்கடைசி வீரர்களை நம்பி இவ்வளவு பெரிய வேலையை விடுகிறார்களே என்று என் மைத்துனர் கேட்டார். அமைதிக் காலத்தில் ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் அளவுக்கு இந்த வேலை இருப்பதில்லை. போரோ பேரிடரோ வந்தால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கை வேண்டும். கிடங்கு, லாரி, கிரேன் என்று ஏற்கெனவே அதே தொழிலில் இருப்பவர்களுக்குச் சீருடை கொடுத்து வைத்திருப்பது மலிவு. வேலைக்கு அமர்த்தியவர் அந்த இரண்டு வாரத்துக்கு முகம் சுளித்தாலும், திரும்பி வரும்போது வேலையைக் கொடுத்தாக வேண்டும் என்று அங்கே 1994-லேயே சட்டம் இருக்கிறது. நம்மிடமும் இந்த ஏற்பாடு உண்டு. தோனி சீருடை போட்ட பிறகுதான் பலருக்குத் தெரியும். பிராந்திய ராணுவத்துக்கான சட்டம் 1948-ல் வந்தது. 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கிவைத்தவர், சேலத்தில் வக்கீல் தொழில் நடத்திய, அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. நம் கோயம்புத்தூரிலேயே அதன் 110-ஆவது காலாட்படை பட்டாலியன் இருக்கிறது. ரயில்வே, எண்ணெய் நிறுவன ஊழியர்களைக் கொண்டும் அதில் தனிப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. எங்கள் ஊர் லோடிங் ஆட்களையும் லாரி டிரைவர்களையும் அப்படிப் பழக்கி வைத்தால் அடுத்த புயலுக்கு உதவும் என்பது என் ஆசை. யாரிடம் போய்ச் சொல்வது?

பூச்சாட்டு முடிந்து மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு நாற்பதடி நிரப்பினோம். முக்கால்வாசி அடைத்திருப்போம், பெட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சின்னப் பையன், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவன், திடீரெனக் கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கீழே காட்டி அசைத்தான். மூத்தவர் பெட்டியைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. போய்ப் பார்த்தால், அந்த அடுக்கிலிருந்த 14 பெட்டிகளின் ஆர்டர் எண்ணில் கடைசி இலக்கம் வேறாக இருந்தது. வேறொரு வாங்குபவருக்குப் போக வேண்டியவை. அவற்றைப் பிரித்தெடுத்து, பேக்கிங் லிஸ்டை மறுபடி சரிபார்த்து, சீல் போட்டபோது வண்டி 40 நிமிடம் தாமதம். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.